பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

19-11-07, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மொட்டைமாடிக் கதவு ஊறிப்போய் மூட மாட்டேன் என்கிறது. உதைத்து மூடினேன்.

கம்பெனியிலிருந்து போன். டிசம்பர் 3 திங்கட்கிழமை திருச்சியில் பயிற்சிக்கு வரவேண்டுமாம். போன மாதம் ஜனவரி என்றார்கள். "கொஞ்சம் முன்னாடி வெச்சுட்டோம் சார், ஆள் தேவைப்படுது" என்றாள் அந்தப் பெண். ஏன் திடீரென்று ஆள் தேவை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இரண்டு வருடம் பைலட் லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் ரொம்பத் துருவக்கூடாது.

அதற்கு முன்னால் ஒரு கண்டம். டிசம்பர் 1 சனிக்கிழமை டிரெயினிங் கேப்டன் சென்னை வருகிறார். பல்லாவரத்தில் ஒரு ஷெட்டில் டிரெயினர் வைத்திருக்கிறார்களாம். பறக்காத விமானம், அறைக்குள் ஒரு காக்பிட், எதிரே திரை. அதில் உட்கார வைத்துப் பார்ப்பார். அவர் சரி என்றால் திருச்சி. இல்லையென்றால் பழையபடி பொழிச்சலூர், மொட்டைமாடி, தலைக்கு மேல் போகும் அடுத்தவன் விமானம்.

இந்த வேலை பெரிய ஜெட் இல்லை. பார்சலும் மருந்துப் பெட்டியும் ஏற்றும் சின்ன விமானம். ஒரே எஞ்சின், ஒரே பைலட். பக்கத்து சீட்டில் இடம் இருந்தால் அங்கேயும் மூட்டை.

செய்ய வேண்டியவை:
– அவசரப் பாடம் முழுக்க மனப்பாடம். எஞ்சின் நின்றால், தீப்பிடித்தால், கரண்ட் போனால். யோசிக்காமல் கை போகவேண்டும்.
– ஷூ. பழையது வாயைப் பிளந்துவிட்டது.
– மெடிக்கல் சர்டிபிகேட் ஜெராக்ஸ், போட்டோ.
– முடி.
– அம்மாவின் செடிகளுக்குத் தண்ணீர். (மழையே ஊற்றுகிறது. அடித்துவிடலாம்.)

அத்தாவும் அம்மாவும் சனிக்கிழமைதான் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இப்போது மெஹர் அக்கா, மச்சான், நான். இரண்டு பேர் போனதற்கு இருபது பேர் போனமாதிரி அமைதி.

20-11, செவ்வாய்

மச்சானுக்கு படப்பையில் லாரி சீட் தைக்கும் கடை. மதியம் டெம்போவில் ஒரு பழைய டிரைவர் சீட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "தரையில குந்தி பிளேன் ஓட்டுவியா மாப்ள? சீட்டுன்னா சீட்டு மாதிரி இருக்கணும்." அத்தா அறையில் போட்டோம். அறை முழுக்க டீசல் வாசனை. எதிர் சுவரில் காக்பிட் படம், ஏ-3 தாளில் ஒன்பது துண்டு, ஒட்டினேன். கொஞ்சம் கோணல்.

வலது கைப் பக்கம் மூன்று லீவர் வேண்டும். முதலாவது பவர். இரண்டாவது ஃபெதர். மூன்றாவது எரிபொருள். பலகையில் பள்ளம் வெட்டி, பவருக்குக் கரண்டி, ஃபெதருக்கு தோசைத் திருப்பி, எரிபொருளுக்கு உடைந்த குடைக் காம்பு. சாயங்காலம் அக்கா தோசைத் திருப்பியைத் தேடி வந்து நின்றாள். "ஏன்டா, ராத்திரி தோசைய கையால திருப்பவா?"

உப்புமா செய்தாள். பேசாமல் தின்றேன்.

22-11, வியாழன்

தூறல். அக்காவோடு முதல் பயிற்சி.

முறை இது: அக்கா ஓரத்தில் நாற்காலியில் அட்டையோடு. அவள் ஒரு ஆபத்தைச் சொல்வாள். நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். கம்பெனி புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது: தனியாக ஓட்டுபவன் உரக்கச் சொல்லவேண்டும், கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பைத்தியக்காரத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

அக்கா பம்மலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அட்டையைப் பிடித்ததும் குரலே மாறிவிட்டது. "எஞ்சின் நின்னுடுச்சு!" என்றாள், ஹோம்வொர்க் எங்கே என்று கேட்கிற தொனியில்.

மூக்கைத் தாழ்த்து. பவர் பின்னால். ஃபெதர் பின்னால். எரிபொருளை அடை. இறங்க இடம் பார்.

இதில் ஃபெதர்தான் முக்கியம். எஞ்சின் நின்றதும் முன்னால் இருக்கும் விசிறியின் தகடுகளைக் காற்றுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் அந்தச் செத்த விசிறியே விமானத்தைப் பிடித்து நிறுத்தும். ரன்வே கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேரமாட்டோம். வரிசையில் அது நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது, நாக்கு தாண்டிப் போய்விடப் பார்க்கிறது.

முதலில் இரண்டு தடவை தடுமாற்றம். அப்புறம் ஒன்றுகூட விடவில்லை. அக்காவுக்கு என்னைவிட சந்தோஷம். "சென்டம்!" என்றாள்.

23-11, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது மழை விட்டது, திரும்பும்போது கொட்டியது. பயிற்சி காலையும் மாலையும். எல்லாம் சரி. தீ, கரண்ட், எஞ்சின், எதைக் கேட்டாலும் கை போகிறது. கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. மச்சானிடம், "பக்கத்துல பைலட் எதுக்கு மச்சான், சும்மா சம்பளம்" என்றேன்.

அம்மா மக்காவிலிருந்து பேசினார்கள். லைன் சரியில்லை. "உனக்காக துஆ..." என்பது வரை கேட்டது. கட்.

24-11, சனி

தாம்பரம் போனேன், ஷூ வாங்க. ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் வின்சென்ட் அண்ணா. பிளையிங் ஸ்கூலில் எனக்கு சீனியர். இதே கம்பெனியில் போன வருடம் சேர்ந்தார், பயிற்சியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மேற்கு தாம்பரத்தில் பிளஸ் டூ பிசிக்ஸ் டியூஷன்.

"இன்னாடா ரஃபீக்கு, எலும்பா பூட்ட?"

சேரப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், தேவைப்படும்:

"அந்த கேப்டன் கத்த மாட்டாருடா. கத்துனா கூட பரவால்ல. பின்னாடி குந்திகினு இருப்பாரு. நீ சரியா பண்றியா, சொதப்புறியா, மூஞ்சில ஒண்ணும் தெரியாது. நாலாவது நாள் கூப்ட்டு, நீங்க வூட்டுக்குப் போலாம்னாரு. இன்னா சார் தப்புன்னு கேட்டேன். தனியா பறக்கறவனுக்கு அது அவனுக்கே தெரியணும்னாரு. இன்னிய வரைக்கும் தெரியலடா. நைட்டு படுத்தா ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கறேன். எல்லாம் கரீக்டாத்தான் கீது."

ஏன் அவசரமாக ஆள் எடுக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "பஸ் வந்துட்ச்சு." பஸ் எதுவும் வரவில்லை.

ஷூ கடிக்கிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருக்க வேண்டும்.

25-11, ஞாயிறு

அக்கா ஸ்கூல் டீச்சர் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். மச்சானை அட்டையோடு உட்கார வைத்தேன்.

"எஞ்சின் பூட்ச்சு மாப்ள."

செய்தேன். முடித்தேன். மச்சான் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடுவுல ஒண்ணு கீதே. ஃபெதரு?"

மறுபடி செய்தேன். அதே இடத்தில் அதே தவறு. மூன்றாவது தடவை அதைப் பிடித்தேன், ஆனால் எரிபொருளை விட்டேன். தீப்பிடித்த பாடத்திலும் ஒன்று போனது. மூன்று நாளாக ஒன்றுகூடத் தப்பாதது!

மச்சான் மேல் எரிந்து விழுந்தேன். "நீங்க படிக்கற விதமே சரியில்ல. வெத்தல மென்னுக்கிட்டே படிச்சா எவனுக்குப் புரியும்?" அவர் அட்டையை மடித்து வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். பாவம். சீட் கொண்டுவந்து கொடுத்த மனுஷன்.

ஆனால், வெற்றிலைக்கும் ஃபெதருக்கும் என்ன சம்பந்தம்?

26-11, திங்கள்

அக்காவோடு காலையில். எல்லாம் சரி, ஒன்றுகூட விடவில்லை. அப்பாடா. நேற்று மனசு சரியில்லை போல. மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். "விட்றா மாப்ள" என்றார்.

மாலைப் பயிற்சியை மச்சானின் பழைய டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தேன். வாக்மேனில் போட்டு ரயிலில் கேட்கலாம். காதிலேயே ஊறவேண்டும்.

ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் பேச்சு. பின் வீட்டுக் காம்பவுண்டில் சாரைப் பாம்பு. எல்லாரும் ஆளுக்கொரு கம்போடு நின்றார்கள், யாரும் அடிக்கவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது.

27-11, செவ்வாய்

ஷூ மாற்ற தாம்பரம். பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். கூட்டமில்லை, ஜன்னலோரம். வாக்மேனைப் போட்டேன்.

அக்கா குரல்: எஞ்சின் நின்னுடுச்சு. என் குரல்: மூக்கைத் தாழ்த்து. பவர் பின்னால். அப்புறம் மௌனம். அங்கே இவ்வளவு நேரம் நின்றேனா? எனக்கு அப்படி நினைவே இல்லை. அப்புறம் வளையல் சத்தம். சிலிங். உடனே என் குரல்: ஃபெதர் பின்னால்.

குரோம்பேட்டை தாண்டியிருந்தது. டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். அடுத்த பாடம். தீ. நான் எங்கே நிற்கிறேனோ அங்கே வளையல். நான் நிற்காத இடத்தில் வளையல் இல்லை. கரண்ட் பாடம். நின்றேன், சிலிங், சொன்னேன். கடைசி வரை கேட்டேன். ஒரு இடம் தப்பவில்லை.

எனக்கு எதுவும் மனப்பாடம் ஆகவில்லை. அக்கா கை அசைந்தால் என் கை அசைகிறது. அவ்வளவுதான்.

தாம்பரத்தில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த நிலையில் மேலே போயிருந்தால்? பக்கத்தில் மருந்து மூட்டைதான் இருக்கும். மூட்டைக்கு ஏது வளையல்?

ஷூவை மாற்றவில்லை. பையோடு திரும்பி வந்தேன்.

மாலை:

டேப்பை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலையேடா!"

"வாயால சொல்லல. கையால சொல்லிட்டே."

"வேணும்னு பண்ணலடா, சத்தியமா."

அப்புறம் அவளே சொன்னாள். ஸ்கூலில் இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது அதிகாரி பிள்ளைகளைக் கேள்வி கேட்பாராம். பிள்ளை முழித்தால் டீச்சர் வாயைத் திறக்கக்கூடாது. அதனால் எல்லா டீச்சருக்கும் ஒரு வழி உண்டு. ஒருத்தி கண்ணாடியைத் தொடுவாள், ஒருத்தி டஸ்டரைத் தட்டுவாள். அக்காவுக்கு வளையல். "பதிமூணு வருஷமா பண்றேன். பிள்ளைங்க முழிச்சா என் கை சும்மா இருக்காதுடா. உன் மூஞ்சப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வரவேண்டிய கோபமா என்று தெரியவில்லை, ஆனால் கத்தினேன். "நீ என்னைச் சாகடிச்சிருப்பே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

28-11, புதன்

அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செய்தேன். ஃபெதர் வந்தது. சந்தோஷப்படுவதற்குள் கவனித்தேன், அவள் கால் கட்டைவிரல் தரையைத் தட்டிற்று. காலை மடக்கி உட்காரச் சொன்னேன். அடுத்த தடவை மூச்சை இழுத்துப் பிடித்தாள். அதுவும் எனக்குக் கேட்கிறது! பாழாய்ப்போன காது.

"வெளியே போக்கா" என்றேன். போனாள். கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாள் என்று தெரிந்தது. நிழல்.

பிறகு தனியாக. ரிக்கார்டரை ஓடவிட்டு, எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அருமையாகப் போனது. எல்லாம் சரியாகச் செய்தேன், மனசுக்குத் திருப்தி. டேப்பைப் போட்டுக் கேட்டேன். ஃபெதர் இல்லை. பவர் பின்னால், எரிபொருளை அடை. நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் அதைச் செய்ததாக எனக்கு நினைவு இருக்கிறது. தோசைத் திருப்பி கையில் பட்டது போலக்கூட நினைவு இருக்கிறது.

இதுதான் பயமாக இருக்கிறது. தவறு செய்தால் தெரியும், திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். தெரியவே தெரியாது. வின்சென்ட் அண்ணா ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். எனக்கும் சரியாகத்தான் இருந்தது.

மேகம் கீழே இறங்கிவிட்டது. விமானங்கள் வீட்டு மேல் போகும் சத்தம் மட்டும். ஒன்றும் தெரியவில்லை.

29-11, வியாழன்

அக்காவை மச்சான் படப்பைக்கு, அவர் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். நான்தான் கேட்டேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. கிளம்பும்போது அக்கா, "சோறு வடிச்சு வெச்சிருக்கேன், குழம்ப சுட வெச்சுக்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். "சீக்கிரம்மா, பம்மல்ல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கிது. வண்டி நின்னுட்டா பேஜார்."

காலியான வீடு. ஒவ்வொரு பாடமும் செய்து, டேப் கேட்டு, தவறிய இடத்தைக் குறித்து, மறுபடி. காலையில் நிறையத் தவறு. மதியம் குறைந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்றுமில்லை. டேப்பிலும் இல்லை, அதுதான் கணக்கு.

ஒரு விஷயம். சமையலறையில் குழாய்க்கு அடியில் எவர்சில்வர் சொம்பு. தண்ணீர் சொட்டியதில் அது ஆடி குழாயில் மோதிற்று, சிலிங். அந்த நேரம் நான் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், எந்தப் பாடமும் ஓடவில்லை. என் கை தோசைத் திருப்பி மேல் இருந்தது. எப்போது போனது?

குளிர் என்று சொல்லிக்கொண்டேன். குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன்.

30-11, வெள்ளி

இன்று முழுக்க ஒரு தவறும் இல்லை. டேப் சாட்சி. ஜும்ஆவில் மனசு நிற்கவில்லை, ருகூவில் குனிந்தபோதுகூட பவர் பின்னால், ஃபெதர் பின்னால். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மாலை அக்காவும் மச்சானும் வந்தார்கள். அக்கா அத்தா அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடி காபியை நீட்டினாள். "வாக்கா உள்ளே" என்றேன். "வேணாம்டா, என்னை நம்ப முடியாது" என்று சிரித்தாள். வளையல் போடவில்லை. கை மொட்டையாக, வேறு யாருடைய கை போலவோ இருந்தது. அன்றைக்குக் கத்தியதற்கு வருந்துகிறேன் என்று சொல்ல நினைத்தேன். நாளை முடியட்டும்.

1-12, சனி

காலை எழுத முடியவில்லை. இப்போது அஸர் நேரம் ஆகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் பழைய கிடங்கு ஷெட். தகரக் கூரையில் மழை. கேப்டன் ஐம்பது வயதுக்காரர், மெலிந்த மனிதர், மரியாதையான பேச்சு. "வாங்க ரஃபீக். சாப்டீங்களா?" டிரெயினரில் ஏறினேன். அவர் எனக்குப் பின்னால் நாற்காலியில். திரையில் ரன்வே.

முதல் டேக்-ஆஃப். எல்லாம் ஒழுங்கு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். சுற்றி வந்து இறங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. அதற்காகவே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது டேக்-ஆஃப். அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார். ஜன்னல் திண்டில் அவர் டீ. "நீங்க கன்டினியூ பண்ணுங்க" என்றார். ரன்வேயை விட்டு மேலே எழுந்தேன், கூரை உயரம், இன்னும் கொஞ்சம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. எல்லா முள்ளும் இருக்கவேண்டிய இடத்தில்.

அவர் டீயைக் கலக்கினார். கண்ணாடி கிளாஸில் ஸ்பூன் பட்டது.

என் கை ஃபெதர் லீவரைப் பின்னால் இழுத்துவிட்டது.

நான் இழுக்கவில்லை. கை இழுத்தது. ஓடுகிற எஞ்சின் இருக்க, விசிறி காற்றைப் பிடிக்காமல் சும்மா சுற்றியது. விமானம் உட்கார ஆரம்பித்தது. திரையில் தரை, மரம், ஒரு தகரக் கூரை எல்லாம் மேலே வந்தன. லீவரை முன்னால் தள்ளினேன். திரும்பப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மரம் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டது. டிரெயினரில் மரம் இடிக்காது போல. மறுபடி மேலே ஏறியது.

கேப்டன் போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பார்க்கவில்லை. என் கை லீவரை இழுத்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நிஜமாகவே எஞ்சினை நிறுத்தினார். செய்தேன். ஒன்றும் விடவில்லை, எந்தச் சத்தமும் இல்லாமல், நானே. தீ, கரண்ட், எல்லாம். கடைசியில், "கை நல்லா ஓடுது உங்களுக்கு. திங்கட்கிழமை வந்துடுங்க" என்று கை குலுக்கினார்.

ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டே நடந்தேன். பாஸ். இரண்டு வருடம் காத்திருந்த வேலை. கை தானாக இழுத்தது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

பின்னர்:

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மச்சான் கடையில். அடுப்படியில் நின்றபடியே முழுக்கச் சொன்னேன், ஸ்பூன், லீவர், மரம். அவள் அழவில்லை. "அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, கத்தியைத் துடைத்து வைத்தாள்.

கேப்டனுக்கு போன் செய்தேன். "சார், ரெண்டாவது டேக்-ஆஃப்ல ஒரு தப்பு பண்ணிட்டேன். ஃபெதர் லீவர தெரியாம இழுத்துட்டேன்."

"அப்படியா? பதட்டத்துல நடந்திருக்கும். டிரெயினர்தானே. அதுக்குத்தான் திருச்சியில பயிற்சி."

"இல்ல சார்..."

"ரஃபீக், ஏற்கெனவே ரெண்டு பேர் சொல்லாமக்கொள்ளாம நின்னுட்டாங்க. நீங்களும் இழுக்காதீங்க. சொன்னதே நல்ல குணம். வாங்க."

வைத்துவிட்டார். சத்தம் கேட்டால் கை போகிறது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "இல்ல சார்" வரை வந்தது. அவர் நல்ல குணம் என்றதும் வாய் அடைத்துப்போனது. பாதி உண்மைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"என்ன சொன்னார்?" என்றாள் அக்கா.

"வரச் சொல்றார்."

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்றும் இல்லை, வேண்டாமென்றும் இல்லை.

மச்சான் அல்வா வாங்கி வந்தார். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார். "நம்ம மாப்ள பைலட்!"

2-12, ஞாயிறு

வெயில். இத்தனை நாளில் இன்றைக்குத்தானா? டிரங்க் பெட்டி, சூட்கேஸ், கடிக்கிற ஷூ. மச்சான் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினார். சீட்டைத் திரும்ப கடைக்கு எடுத்துப்போகவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

தாம்பரம். பகல் வண்டி. மச்சான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். நானும் அக்காவும் பெட்டிகளோடு. எனக்கு ஒரே ஒரு சின்ன சைகை போதும் என்று இருந்தது. ஒரு பெருமூச்சு, ஒரு கால்விரல், போதும். வண்டியை விட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். சத்தியமாக.

"போகட்டுமாக்கா?"

"அத நீதான்டா சொல்லணும்."

அவள் கையைப் பார்த்தேன். இரண்டையும் முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டி வெளுத்திருந்தது. முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள், என் கண்ணில் படக்கூடாது என்று. நான்தானே கேட்டேன், உதவி செய்யாதே என்று. செய்யவில்லை. வண்டி வந்தது. ஏறினேன்.

அதே நாள், ரயிலில்

எதிர் சீட்டில் ஒரு குடும்பம் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ஸ்பூனை எடுப்பதற்குள் நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே. கை மரத்துவிட்டது. அந்த அம்மா, "சாப்பிடுறீங்களா தம்பி?" என்று ஒரு இட்லியை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

செங்கல்பட்டு. வண்டி நின்றது. இங்கே இறங்கினால் மின்சார ரயில் பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். பெட்டியைக்கூடக் கீழே இறக்கினேன். வாசல் வரை போனேன். பிளாட்பாரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், என்னை இல்லை.

வண்டி கிளம்பிவிட்டது. பெட்டியை மறுபடி சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.